நாய்கள் ஜாக்கிரதை

முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன் நான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், மீட்டரில் ரீடிங் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு வருகிற வேலை. இதில் மனிதர்களைவிட நாய்களைத்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கும். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை தொங்கினால், உள்ளே நிஜமாகவே நாய் இருக்கிறதா, அல்லது கடையில் வாங்கி மாட்டிய பலகை மட்டும்தானா என்று பத்தடி தூரத்திலேயே ஒரு கணிப்பு வந்துவிடும். ஒருமுறை கணிப்பு தப்பியது. பேரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இடது கெண்டைக்காலில் கடி. ஊசி போட்டுக்கொண்டு எழுந்த பிறகு ஆறேழு மாதம், பலகை மாட்டிய எந்த வீட்டுக் கேட்டையும் குரல் கொடுக்காமல் நான் தொட்டதில்லை. நாயே இல்லை என்று நன்றாகத் தெரிந்த வீடுகளில்கூட வெளியே நின்று "அம்மா, ஈபி" என்று கத்தினேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்னால் அலைய ஆரம்பித்தேன். அதன் பிழைப்பு முழுக்க இந்தப் பலகை சமாசாரம்தான் என்று தெரிந்தபோது, பழைய தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பூச்சியின் பெயர் வெந்தய வரியன். பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பழுத்த வெந்தய நிறத்துக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம். இறக்கை ஓரமெல்லாம் கறுப்புக் கரை, முன்னிறக்கை முனையில் கரிய பட்டை, அதில் வெள்ளைத் திட்டுகள். ஊருக்குள் காலி மனை, குளத்து மேடு, ரயில் பாதை ஓரம் என்று எருக்கு நிற்கிற இடத்திலெல்லாம் இது இருக்கும். பறப்பதைப் பார்த்தால் யாருக்கும் பயப்படாத ஆள் என்று புரியும். மற்ற பூச்சிகள் நிழல் பட்டாலே வெட்டி வெட்டிப் பறந்து ஓடும். இதுவோ இடுப்பு உயரத்தில், பென்ஷன் வாங்கப் போகிறவர் மாதிரி, நிதானமாகப் போகும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை பல வருஷமாகக் காலியாகக் கிடந்தது. அதில் ஆளுயரத்துக்கு எருக்கு. ரத சப்தமிக்கு ஏழு இலை பறிக்க மட்டும் அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள். வெள்ளெருக்காக இருந்திருந்தால் வேரைத் தோண்டிப் பிள்ளையார் செய்திருப்பார்கள். இது ஊதா எருக்கு, சீந்துவார் இல்லை. 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்று சாபம் விடுகிற நாட்டில் அதன் கதி வேறென்ன ஆகும்? அந்தச் செடியில் ஒருநாள் ஒரு வெந்தய வரியன் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தது. பூவில் உட்காரவில்லை. இலையில் உட்காரும், முன்காலால் தட்டிப் பார்க்கும், அடிவயிற்றை வளைத்து இலைக்குக் கீழே ஒரு தொடு தொட்டுவிட்டுப் போகும். போன பிறகு இலையைத் திருப்பினேன். கடுகில் பாதி அளவில், வெள்ளி நிறத்தில் ஒரே ஒரு முட்டை. பேத்தியின் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலிருந்து கீழாக வரி வரியாகச் சீவியது போல இருந்தது.

இலையோடு கிள்ளி வந்து பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். மூடியில் ஊசியால் ஓட்டை. பழைய வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, ரீடிங் எழுதும் இடத்தில் தேதி போட்டேன். பழக்க தோஷம். மூன்றாம் நாள் முட்டை பொரிந்தது. வெளியே வந்த புழு முதலில் தின்றது முட்டை ஓட்டைத்தான். அடுத்த பன்னிரண்டு நாளும் தின்றதும் கழிந்ததும் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நாலு முறை சட்டை உரித்தது. கடைசிச் சட்டையில் பார்க்கப் பகட்டான ஆள்: கறுப்பு, வெள்ளை வளையங்கள், ஊடே மஞ்சள் பொட்டுகள், முதுகில் முன்னும் நடுவும் பின்னுமாக மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். பச்சை இலையில் பச்சையாக ஒளிந்துகொள்ள வேண்டிய புழு, திருவிழாவுக்குக் கட்டிய தோரணம் மாதிரி இருந்தது.

ஒருநாள் அது தின்கிற விதத்தைக் கவனித்தேன். எருக்கிலையைக் கிள்ளினால் பால் பீறிட்டு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பால் காற்றுப் பட்டால் பிசின் மாதிரி இறுகும், சின்ன வாயை ஒட்டிவிடும். இந்தப் புழு இலை நுனிக்குப் போவதற்கு முன், நடு நரம்பின் அடியில் நின்று கடித்துக் கடித்து ஒரு பள்ளம் பறித்தது. பால் அந்தப் பள்ளத்தில் வடிந்து நின்றது. இலையின் மேல்பாதி தொய்ந்து தொங்கியது. அதன் பிறகு நிதானமாக நுனிப் பக்கம் போய்த் தின்ன ஆரம்பித்தது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வயரில் கை வைக்கிறது! எங்கள் லைன்மேன்களுக்கு வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பிறந்து ஒரு வாரம் ஆகாத புழு யாரிடம் படித்ததோ.

நான் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. புதிய இலை பறித்துப் போட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். வலியே இல்லை. மறுநாள் காலை வலது கண்ணில் எல்லாம் பனிமூட்டம். தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "எருக்கு ஏதாவது தொட்டீங்களா?" கருவிழியின் உட்படலத்தை அந்தப் பால் தாக்கியிருக்கிறது, வலி தெரியாமல் பார்வை மங்குவதுதான் அதன் அடையாளமாம். சொட்டு மருந்து போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது தெளிய. "ஏனுங்க, ரிட்டயர் ஆனா காசி ராமேஸ்வரம்னு போவாங்க. நீங்க எருக்கங்காட்டுக்குப் போய்க் கண்ணைக் குடுத்துட்டு வர்றீங்க" என்றாள் வீட்டுக்காரி. டப்பா மட்டும் கொல்லைப்புறத் திண்ணைக்கு மாற்றப்பட்டது.

எருக்கில் இருக்கிற நஞ்சுகளில் முக்கியமானவை கார்டினோலைடு என்ற வகையைச் சேர்ந்தவை. இதயத்தைத் தாக்குபவை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இந்த பம்பு ஓடுவதால்தான் நரம்பில் மின்சாரம் பாய்கிறது, இதயம் ஒரே தாளத்தில் துடிக்கிறது. கார்டினோலைடு போய் அந்த பம்பில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும். பம்பு நின்றால் தாளம் தப்பும். ஆடு மாடு பெரும்பாலும் எருக்கில் வாய் வைக்காததற்குக் காரணம் இதுதான். பிறந்த பெண் குழந்தைகளின் வாயில் எருக்கம்பாலை ஊற்றிய கொடுமை இந்தத் தமிழ்நாட்டில் நடந்ததுதானே. அதற்கும் அதே பம்புதான்.

அப்படியானால் புழு எப்படிப் பிழைக்கிறது? வெந்தய வரியனுக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. மானார்க் என்று பெயர், ஒரே பேரினம். அதன் பம்பில் மூன்று இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. பூட்டின் உள்வாயைச் சற்று மாற்றி வைத்தால் பழைய சாவி நுழையாது இல்லையா, அது போல. 2019-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கிற சின்னப் பழ ஈயின் மரபணுவில் அந்த மூன்று மாற்றங்களையும் செய்து பார்த்தார்கள். அந்த ஈக்கள் நஞ்சைத் தின்றும் உயிரோடு இருந்தன.

நஞ்சு தன்னைக் கொல்லாமல் பார்த்துக்கொண்டது முதல் காரியம். அதை வீணாக்காமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வது அடுத்தது. புழுவாக இருக்கும்போது சேர்த்த நஞ்சு கூட்டுப்புழுவைத் தாண்டி, இறக்கை முளைத்த பூச்சிக்கும் போய்ச் சேருகிறது. மானார்க்கின் உடம்பில் இருப்பது செடியின் நஞ்சுதான் என்பதை 1968-ல் நிரூபித்தவர்களில் ஒருவர் ததேயுஸ் ரைக்ஸ்டைன். ஏற்கெனவே 1950-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர்.

ஆனால் எனக்குப் பிடித்தது லிங்கன் பிரௌவர் என்பவர் செய்த சோதனை. அவர் மானார்க் புழுக்களை மெல்ல மெல்லப் பழக்கி முட்டைக்கோஸ் தின்ன வைத்தார். கோஸில் இந்த நஞ்சு கிடையாது. கோஸ் தின்று வளர்ந்த மானார்க்கைக் கூண்டில் இருந்த நீல ஜேப் பறவைகளுக்குப் போட்டார். சப்புக்கொட்டித் தின்றன. அடுத்து, எருக்கின் சொந்தக்காரச் செடி தின்று வளர்ந்த மானார்க்கைப் போட்டார். தின்ற கொஞ்ச நேரத்தில் பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கக்கியது. அதற்குப் பிறகு அந்த நிறத்தில் எதைக் காட்டினாலும் தொடவில்லை. கக்குகிற அந்த ஜேயின் புகைப்படம் உயிரியல் பாடப்புத்தகங்களில் இன்றும் வருகிறது.

ஆக, பூச்சிக்கென்று சொந்த நஞ்சு எதுவும் இல்லை. எல்லாம் கடன் வாங்கியது. எருக்கு தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கியதை, எருக்கையே தின்று எடுத்துக்கொண்டு, தன் வீட்டு நாயாக வளர்க்கிறது. வெந்தய நிறமும் கறுப்புக் கரையும்தான் கேட்டில் தொங்குகிற பலகை. கண்ணைப் பறிக்கிற நிறம் இருந்தால்தான் பறவைக்கு ஞாபகம் நிற்கும். நாங்கள் டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓட்டைச் சிவப்பில் வரைந்து மாட்டுவது வேறு எதற்காக?

இதில் ஒரு சங்கடம் உண்டு. பறவை பாடம் படிக்க ஒரு பூச்சி கடி வாங்கியே ஆக வேண்டும். அதற்கும் வெந்தய வரியன் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. அதன் உடம்பு தோல் மாதிரி உரமானது, எளிதில் நசுங்காது. பிடித்தால் செத்த மாதிரி கிடக்கும், கெட்ட வாடையோடு ஒரு திரவம் கசியும். மானார்க்கில் இறக்கையில்தான் நஞ்சின் அடர்த்தி அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். பறவையின் அலகு முதலில் படுவதும் அங்கேதான். கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் ஒன்று பாய்ந்து ஒரு வெந்தய வரியனைப் பிடித்ததை நானே பார்த்தேன். கம்பிக்குத் திரும்பியதும் இரண்டு நொடி யோசித்தது, உதறியது, அலகைக் கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டது. கீழே விழுந்த பூச்சி மண்ணில் சற்று நேரம் கிடந்துவிட்டு எழுந்து பறந்து போனது. பின்னிறக்கையில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. அப்படிக் கிழிந்த இறக்கையோடு திரியும் வெந்தய வரியன்களை இப்போது நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். பரீட்சை எழுதிப் பாஸானவை.

பலகைக்கு மதிப்பு வந்துவிட்டால் நாய் இல்லாதவர்களும் பலகை மாட்டுவார்கள். வெந்தய வரியனையே அச்சாக உரித்து வைத்த இன்னொரு பூச்சி நம் ஊரில் உண்டு. அதன் பெண் மட்டும்தான் இந்த வேஷம் போடும். ஆண் கரிய இறக்கையில் பெரிய வெள்ளை வட்டங்களோடு வேறு சாதி மாதிரி இருக்கும். இதன் புழு தின்பது பருப்புக்கீரை. கோயமுத்தூரில் நாங்கள் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற அதே கீரை. அதில் என்ன நஞ்சு இருக்கப் போகிறது? ஆனால் நிறம், கரை, வெள்ளைத் திட்டு, நிதானமான பறத்தல் வரைக்கும் வேஷம் கனகச்சிதம். நானே பல மாதம் ஏமாந்தேன். பின்னிறக்கையைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் ஒரு காலேஜ் பையன். அசல் வெந்தய வரியனுக்குப் பின்னிறக்கை நடுவில் கறுப்புப் பொட்டுகள் இருக்கும், ஆணுக்கு நாலு, பெண்ணுக்கு மூன்று. போலிக்கு நடுவில் ஒன்றுமில்லை, மேல் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. பறவைக்கு அவ்வளவு உற்றுப் பார்க்க நேரம் ஏது?

இந்தப் போலிப் பலகை வித்தையை 1862-ல் எழுதி வைத்தவர் ஹென்றி பேட்ஸ். அமேசான் காட்டில் பதினொரு வருஷம் பூச்சி பிடித்த ஆங்கிலேயர். இதற்கு ஒரு கணக்கு உண்டு. அது எனக்குப் பேட்ஸைப் படிக்கும் முன்பே தெரியும். ஒரு தெருவில் பத்து வீட்டில் பலகை, எட்டு வீட்டில் நாய் என்றால் நான் பத்து வீட்டிலும் பயப்படுவேன். பத்தில் ஒரு வீட்டில்தான் நாய் என்றால் எந்தப் பலகையையும் மதிக்க மாட்டேன். போலிகள் பெருகினால் அசலுக்கும் ஆபத்து, போலிக்கும் ஆபத்து. ஆகவே போலிகள் அசலைவிடக் குறைவாக இருக்கும்வரைதான் வியாபாரம் நடக்கும். இதில் வேடிக்கை, அசல் கூட்டத்துக்குள்ளேயே போலிகள் இருப்பதுதான். நஞ்சு குறைந்த செடியைத் தின்று வளர்ந்த பூச்சி, கூடப் பிறந்தவர்களின் பேரைச் சொல்லிப் பிழைத்துக்கொள்ளும்.

பேட்ஸுக்குப் பிறகு, பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் முல்லர் வேறொன்றைக் கவனித்தார். நிஜமாகவே நஞ்சுள்ள இரண்டு இனங்கள் ஒரே பலகையை மாட்டுவானேன்? அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பறவைகளுக்குப் பாடம் நடத்த ஒவ்வொரு வருஷமும் இத்தனை உயிர் போகும் என்றால், பலகை ஒன்றாக இருக்கும்போது அந்தச் செலவை இரு இனங்களும் பங்கிட்டுக்கொள்ளலாம். கூட்டு மீட்டர் மாதிரி.

இந்தக் கூட்டு வியாபாரத்தை நம் மண்ணில் பார்க்க வேண்டுமானால் அக்டோபரில் கோயமுத்தூருக்கு வாருங்கள்.

வெந்தய வரியன் அங்கங்கே இடம் பெயருமே தவிர, நம் பக்கம் படை திரட்டிப் போவது அதன் ஒன்றுவிட்ட உறவினர்கள். கறுப்பில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் போட்ட நீல வரியன், அதைவிட இருண்ட கருநீல வரியன், உடம்பெல்லாம் கறுத்து ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த, காக்கை என்றே ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய இரண்டு இனங்கள். நாலும் பறவைக்குக் கசப்பானவை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்ட ஆரம்பிக்கும் முன் இவை கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இறங்கிவிடுகின்றன. அங்கே பெருகுகின்றன. பிறகு அவற்றின் வாரிசுகள், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து மறுபடி மேற்கே திரும்புகின்றன. சில நூறு கிலோமீட்டர் தூரம். கிருஷ்ணமேக் குண்டே என்ற ஆய்வாளர் 2005-ல் இந்தப் போக்குவரத்தைத் தொகுத்து எழுதினார். போகிற வழியில் பிடித்துப் பார்த்த பெண் பூச்சிகள் பெரும்பாலானவற்றின் வயிற்றில் முதிர்ந்த முட்டையே இல்லை என்று அவரும் சகாக்களும் பின்னால் கண்டார்கள். பயணம் முடியும்வரை குடும்பம் நடத்துவதை ஒத்திப் போடுகின்றன.

நான் பார்த்தது தொண்டாமுத்தூர் ரோட்டில். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலை ஒன்பதரைக்கு வெயில் அடித்ததும் தென்னந்தோப்புக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, நாலு என்று கிளம்பின. எல்லாம் ஒரே திசை, வெள்ளியங்கிரி மலைப் பக்கம். வீடு குறுக்கே வந்தால் சுற்றிப் போகவில்லை, கூரைக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்கி மறுபடி அதே நேர்கோடு. பஸ் நிறுத்தத்தில் நின்று, இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு எத்தனை கடக்கின்றன என்று எண்ணினேன். முதல் ஐந்து நிமிஷம் 43. அடுத்தது 61. பிறகு 58. நின்றுகொண்டிருந்த பூக்காரம்மா, "எதைங்கண்ணா எண்றீங்க, கம்பி போயிருச்சா?" என்று கேட்டார். சொன்னதும் அவரும் எண்ண ஆரம்பித்து, பஸ்ஸை விட்டுவிட்டார். மேகம் மறைத்தபோது எல்லாம் சட்டென்று மரத்தில் அடைந்தன. வெயில் வந்ததும் மறுபடி ஓட்டம்.

அன்று சாயங்காலம் டவுன் பஸ் முன்கண்ணாடி வைப்பரில் மூன்று நீல வரியன்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களிடம்தானே பலகை செல்லும். தைவானில் இதே காக்கை இனத்துச் சொந்தக்காரர்கள் நெடுஞ்சாலையைக் கடக்கும் நாட்களில், 2007-லிருந்து, சாலையோரம் வலை கட்டிப் பூச்சிகளை வண்டிக்கு மேலே பறக்க வைக்கிறார்கள், கூட்டம் அதிகமானால் ஒரு தடத்தையே மூடிவிடுகிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஐந்து நிமிஷம் எண்ணினாலே பெரிசு.

மலையடிவாரத்தில் இந்தக் கூட்டம் இறங்கும் இடங்களில் ஒன்றைப் பார்த்தபோது நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடி. பூ ஒன்றுகூட இல்லை, நெற்று மட்டும் ஆட்டினால் சலசலக்கிறது. அந்தச் சுள்ளியில் இலை தெரியாமல் அப்பியிருந்தன நீல வரியன்களும் காக்கைகளும். தேன் இல்லாத செடியில் என்ன வேலை? பாதிக்கு மேல் ஆண்கள் என்றான் கூட வந்த காலேஜ் பையன். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு மாதிரிச் செடிகளில் வேறொரு கசப்பு நஞ்சு இருக்கிறது. ஆண் பூச்சி காலால் தண்டைச் சுரண்டி, உறிஞ்சுகுழலால் ஈரமாக்கி, அதை உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கொண்டு வயிற்று நுனியில் ஒளித்து வைத்திருக்கும் மயிர்த்தூரிகையில் வாசனைத் திரவியம் தயாரிக்கும். பெண்ணைக் கண்டால் தூரிகையை விரித்து அந்த வாசனையைத் தூவும். மிச்ச நஞ்சைக் கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், அது முட்டைக்குப் போய்ச் சேரும் என்று அமெரிக்கச் சொந்தக்கார இனம் ஒன்றில் நிரூபித்திருக்கிறார்கள். சீர்வரிசையில் விஷம்! காக்கைப் பூச்சிக்கு இது இன்னும் முக்கியம். அதன் புழு அரளியும் நன்னாரியும் தின்று வளர்ந்தாலும், வெந்தய வரியன் எருக்கு நஞ்சைச் சேர்ப்பது மாதிரி அரளி நஞ்சைச் சேர்த்து வைக்காது. கிலுகிலுப்பைதான் அதற்குக் கைகொடுக்கிறது. பூச்சியென்றால் சாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் இந்த வகைப் பூச்சிகள், செடி போதாதென்று, அதே செடியைத் தின்ற உயிருள்ள புழுக்களைச் சுரண்டி அவற்றின் சாற்றையும் குடித்ததை 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிக் கூட்டமாக இடம்பெயர்வதில் உலகப் புகழ் பெற்றது மானார்க்தான். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடக்கிலிருந்தும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மெக்சிகோவின் மலையில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில், ஒயாமெல் மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். கனடாவின் ஃபிரெட் அர்குஹார்ட்டும் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் பூச்சி இறக்கையில் துண்டுச்சீட்டு ஒட்டி ஒட்டித் தேடினார்கள். 1975 ஜனவரியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களுக்காக அலைந்த கென் புரூகரும் கத்தலீனா அகுவாடோவும்.

அந்த மலையிலும் பலகையை மதிக்காத இரண்டு பேர் இருக்கிறார்கள். கருந்தலை குரோஸ்பீக் என்ற பறவைக்கு அந்த நஞ்சு அவ்வளவாக உறைக்காது, அப்படியே தின்னும். ஓரியோல் என்ற இன்னொரு பறவை வயிற்றைக் கிழித்து, நஞ்சு மிகுந்த தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்துத் தின்னும். லட்சக்கணக்கில் பூச்சி சும்மா தொங்கும்போது, ருசிக்கு வழி கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் போகுமா? என் டப்பாவிலும் அப்படி ஒரு கள்ளன் வந்தான். முதல் புழுவோடு இன்னும் இரண்டைச் செடியிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தேன். நன்றாகத் தின்றுகொண்டிருந்த மூன்றாவது புழு ஒருநாள் துவண்டு தொங்கியது. மறுநாள் அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெள்ளை ஈப்புழுக்கள் நாலு இறங்கின. எப்போதோ ஓர் ஈ வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. கொம்பும் வளையமும் எருக்கு நஞ்சும் அந்த ஈயிடம் செல்லவில்லை. பேத்தி அன்று சாப்பிடவில்லை. "அப்பிச்சி, அந்த ஈக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள்.

மற்ற இரண்டும் பிழைத்தன. டப்பா மூடியில் பட்டு நூலால் ஒரு பொட்டு வைத்து, பின்காலால் அதைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக, கொக்கி மாதிரி வளைந்து ஒரு ராத்திரி தொங்கின. காலையில் சட்டை உரிந்து கூட்டுப்புழு. ஒன்று பச்சை, ஒன்று வெளிர் ரோஜா. இரண்டிலும் மேல்பக்கம் ஒரு வளையமாகத் தங்கப் புள்ளிகள். தட்டான் ஊதி ஊதி வைத்த மாதிரி. ஒன்பதாம் நாள் கூடு கண்ணாடியாகி உள்ளே மடித்த வெந்தய இறக்கை தெரிந்தது. காலை ஏழு மணிக்கு வெடித்தது. ஈரச் சுருணையாக வெளியே வந்து, கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கி, வயிற்றிலிருந்து நீரை இறக்கைக்குள் ஏற்றி ஏற்றி விரித்தது. கால் மணியில் முழு இறக்கை. பத்தரைக்குப் பறந்தது. பின்னிறக்கையில் நாலு பொட்டு, ஆண்.

இந்தப் பூச்சியை வேடிக்கை பார்த்ததில் நான் முதல் ஆள் இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓர் எகிப்திய ஓவியம் இருக்கிறது. நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் தீட்டியது. அவர் நாணல் காட்டில் பறவை வேட்டையாடுகிறார், சுற்றிப் பறவைகளும் பூச்சிகளும். அந்தப் பூச்சிகளில் வெந்தய வரியனும் உண்டு, கறுப்புக் கரையோடு. ஆப்பிரிக்காவிலும் அதற்கு எருக்குதான் சாப்பாடு.

பக்கத்து மனையில் போன தையில் ஜேசிபி வந்தது. அரைமணி நேரத்தில் எருக்கு மொத்தமும் போய்விட்டது. வீடு கட்டுகிறார்கள், கட்டட்டும், மனை வாங்கியவர் கட்டாமல் என்ன செய்வார்? ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் இரண்டு கன்று தானாக முளைத்திருந்தது. ஆடு மாடு போகாது, ஆளும் போக மாட்டார்கள். நான் தினம் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

போன மாதம் புதர் வெட்ட ஆள் வந்தது. என்னோடு வேலை பார்த்த வயர்மேன்தான்.

"அண்ணா, எருக்கு ரெண்டு நிக்குது. வெட்டிப் போடட்டுங்களா?"

"அடுத்த வாரம் வெட்டு, சாமி."

"ஏனுங், அதென்ன அடுத்த வாரக் கணக்கு?"

கம்பி வேலியில் மாட்டியிருந்த சிவப்பு மண்டை ஓட்டுப் பலகையின் கீழ் விளிம்பைக் காட்டினேன். பச்சையாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, மேலே தங்கப் புள்ளியோடு. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான், "எத்தனை நாள் ஆச்சுங்ணா?"

சட்டைப் பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாலு நாள்.